நகராத புள்ளிகள்

என் கணவரின் அக்காவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் அது தெரியும். படித்த பிள்ளை, அடக்கமான பிள்ளை, இவ்வளவு நாள் மனதில் வைத்திருக்கலாமா என்று தண்ணீர் எடுக்கும் பீலிக்கரையில் பேசிக்கொள்கிறார்கள். வைத்திருக்கிறேன். கதவைப் பூட்டினேனா, அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிறவள் நான். எதைச் செய்தாலும் செய்தது சரியா என்று நாலு தடவை யோசிப்பேன். இதையும் நாலு தடவை யோசித்துவிட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பராக்களில் இருக்கிறோம். நடுவில் இருக்கிற சுவர் கூரைத் தகரம் வரைக்கும் எழும்பவில்லை. நான் மகளைத் தூங்க வைப்பது அவருக்குக் கேட்கும். அவர் போனில் சிரிப்பது எனக்குக் கேட்கும். மதினி பதுளை டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். அவருடைய கணவர் கொழும்பில் இருக்கிறார், என்னுடையவர் கத்தாரில். கல்யாணத்துக்கு முன்பு நான் முன்பள்ளியில் படிப்பித்தேன். அதனால் மதினிக்கு நான் எப்போதும் 'டீச்சர்'. மரியாதைக்காகச் சொல்கிற டீச்சர் இல்லை அது.

மகள் குப்புற விழப் பழகிய மாதத்தில் என் கணவர் விமானம் ஏறினார். கொஞ்ச நாளில், லீவில் வந்த நண்பர் ஒருவரிடம் ஒரு கமராவைக் கொடுத்தனுப்பினார். யாரோ பாவித்து விற்றது. ஆனாலும் நல்ல கமரா. பிள்ளை வளர்வதை அங்கிருந்தே பார்க்க வேண்டும், ஒழுங்காகப் படம் எடுத்து அனுப்பு என்றார். அவர் அங்கே மகளைப் பார்ப்பது என் கண்ணால்தான் என்று எனக்கு ஒரு பெருமை.

எங்கள் காம்பராவுக்கு ஒரே ஒரு ஜன்னல். திறந்தால் எதிரே மண்மேடு. மழைக் காலத்தில் மத்தியானச் சோறு சாப்பிட்டு முடிவதற்குள் மூடுபனி இறங்கி வீட்டுக்குள் அரை இருட்டாகிவிடும். அப்படி ஒரு பிற்பகலில், தூங்கிக்கொண்டிருந்த மகளைப் படம் எடுத்தேன். கமராவை அதன் போக்கில் விட்டுவிட்டு அழுத்துவதைத் தவிர அப்போது எனக்கு வேறொன்றும் தெரியாது. படத்தைப் போனுக்கு மாற்றிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மகளின் கன்னத்திலும் கழுத்திலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள்.

அந்த வாரம் மேல் லயத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்தது. ஓடிப்போய் மகளின் கன்னத்தைத் தொட்டேன். சுட்டது. தூங்குகிற பிள்ளையின் கன்னம் எப்போதும் சுடும் என்பது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. மங்கிய வெளிச்சத்தில் பார்க்கப் பார்க்க அவள் தோலிலும் புள்ளிகள் இருப்பது போலவே தெரிந்தது. மதினியைக் கூப்பிட்டேன். அவரும் பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்பு படத்தைத்தான் பார்த்தார். பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. ஜன்னலை மூடி, பிள்ளையை இருட்டில் படுக்க வைத்தோம். அம்மை போட்ட பிள்ளையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதால் யாருமே அவளை வெளியே தூக்கிப் பார்க்கவில்லை. எங்கள் குளிரில் வேப்பமரம் சரியாக வளராது. மதினி மழையில் பஸ் ஏறி, மொனராகலைப் பக்கம் இறங்கிப் போய் வேப்பிலை கொண்டுவந்தார். மறுநாள் அங்கேயே ஒரு கல்யாணத்துக்குப் போக அவர் புதுச் சேலையை மடித்து எடுத்து வைத்திருந்தார். அம்மை இருக்கிற வீட்டிலிருந்து கல்யாணத்துக்குப் போகக் கூடாது. சேலையைத் திரும்பவும் பெட்டியில் வைத்தார்.

காலையில் மகள் தானாகவே தவழ்ந்து வெளி இஸ்தோப்புத் திண்ணைக்குப் போய்விட்டாள். நல்ல வெயில். ஒரு புள்ளிகூட இல்லை. பக்கத்துக் காம்பராப் பெண்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். மதினி பிள்ளையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அந்தக் கோபம் நியாயம் என்று இப்போதும் சொல்வேன். கல்யாணம் போனது, மழையில் நனைந்தது, எல்லாம் சரி. என்னைத் திட்டியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் திட்டவில்லை. குடும்பத்தார் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் நான் எடுத்த படத்தைப் போட்டு, கீழே குரலில் ஒரு செய்தி வைத்தார்.

"எல்லாரும் வந்து பாருங்க. நம்ம டீச்சரோட கமராவுக்கு அம்ம போட்டிருக்கு. எப்ப தண்ணி ஊத்துறதுன்னு கேட்டுச் சொல்றேன்."

அம்மை இறங்கிய பிறகு வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். அதைத்தான் சொன்னார். அப்புத்தளையில் இருக்கிற சின்ன மாமா முதல் கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருக்கிற கொழுந்தன் வரைக்கும் சிரித்தார்கள். கடைக்குப் போனால், பீலிக்குப் போனால், யாராவது கேட்பார்கள்: "என்ன டீச்சர், கமராவுக்குத் தண்ணி ஊத்தியாச்சா?"

என் கணவரும் சிரித்தார். சிரித்துவிட்டுச் சொன்னார்: "இனிமே அக்கா போன்லயே எடுக்கட்டும். நீ சும்மா பயந்துகிட்டு என்னையும் பயப்படுத்தாத."

மதினியிடம் புதுப் போன் இருந்தது. இருட்டிலும் பளிச்சென்று எடுக்கும். அன்றிலிருந்து மதினி வேலை விட்டு வந்து இரண்டு படம் எடுத்து அனுப்புவார். மகள் அதில் மெழுகுப் பொம்மை மாதிரி இருப்பாள். புருவத்து முடி எல்லாம் ஒன்றாகி, மையால் இழுத்த கோடு போல இருக்கும். உதட்டோரம் விழுந்து அடிபட்ட தழும்பு இருக்காது. நிறம் இரண்டு பங்கு வெளுத்திருக்கும். என் கணவருக்கு அது பிடித்திருந்தது. ஒருமுறை, பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, மெலிந்துவிட்டாள் என்று சொன்னேன். "அக்கா படத்துல கொழுகொழுன்னு இருக்காளே" என்றார். காலையிலிருந்து மாலைவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிகிறவள் நான். என் பிள்ளையைப் பற்றி நான் சொல்வது இனி அவரிடம் எடுபடாது. மதினி என்னிடமிருந்து எடுத்தது இதுதான். இதைத் திரும்பப் பெறாமல் விடுவதில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

பக்தியாகப் படிக்கிறவர்களைவிட வஞ்சம் வைத்துப் படிக்கிறவர்கள் நன்றாகப் படிப்பார்கள் போலிருக்கிறது. கமராவின் கைநூலைப் போனில் இறக்கி, மகள் தூங்கும் நேரமெல்லாம் படித்தேன். அந்தப் புள்ளிகளுக்கு இரைச்சல் என்று பெயர் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. படத்தில் எப்படி இரைச்சல் என்று முதலில் குழம்பினேன். பிறகு எங்கள் வீட்டு ரேடியோவை வைத்துப் புரிந்துகொண்டேன். மலைக்கு அந்தப் பக்கத்து நிலையம் மெல்லியதாகத்தான் பிடிக்கும். கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டினால் பாட்டோடு சேர்ந்து 'உஸ்' என்கிற இரைச்சலும் கூடும். கமராவும் அதைத்தான் செய்கிறது. வருகிற வெளிச்சம் போதாதபோது இருக்கிற கொஞ்சத்தைப் பெருக்குகிறது. தன்னுடைய இரைச்சலையும் சேர்த்துப் பெருக்குகிறது. அந்தப் பெருக்கத்தின் அளவைத்தான் ஐ.எஸ்.ஓ. என்கிறார்கள். முதல் நாள் என் கமரா அதைத் தன் உச்சிக்கே கொண்டுபோயிருந்தது. மகளின் மாநிறக் கன்னத்தில் நிழல் விழுந்த இடமெல்லாம் சிவப்பும் பச்சையுமாகக் கொட்டி வைத்திருந்தது.

அதைக் குறைக்க ஒவ்வொன்றாகப் பழகினேன். லென்ஸின் துளையை முழுதாகத் திறந்தேன். கமராவைப் பால்மா டின் மேல் வைத்து, மூச்சை அடக்கி, ஷட்டர் மெதுவாக மூடும்படி விட்டேன். ஜன்னல் பக்கமாகத் தலை வரும்படி பாயைத் திருப்பிப் போட்டேன். மகள் விழித்திருந்தால் எதுவும் நடக்காது, அசைந்து பாழாக்கிவிடுவாள். தூங்கும்போது எடுத்தால் ஐ.எஸ்.ஓ. பாதிக்கும் பாதியாக இறங்கியது. கமராவுக்குள்ளேயே இரைச்சலைக் குறைக்கும் ஒரு வசதி இருந்தது. அதைக் கூட்டிப் பார்த்தேன். புள்ளிகள் போயின, கூடவே காதோரத்து மயிரும் போனது, நுளம்பு கடித்த தடமும் போனது. எது இரைச்சல், எது பிள்ளை என்று அதற்குப் பிரிக்கத் தெரியவில்லை. மதினியின் போன் இதைத்தான் கேட்காமலே செய்கிறது என்று எனக்கு அப்போது விளங்கியது. அந்த வசதியை அணைத்துவிட்டேன்.

அந்த நுளம்புக் கடிதான் எனக்கு வழி காட்டியது. ஒரே இடத்தில் கமராவை வைத்து எடுத்த மூன்று படங்களைக் கமராவின் சில்லுச் சக்கரத்தைச் சுழற்றி மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரைச்சல் புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் இருந்தன. மாற்றும்போது கொதிக்கிற சோற்றைப் போலக் குமுறின. கடித்த தடம் மட்டும் மூன்றிலும் ஒரே இடத்தில் இருந்தது. பொய்ப் புள்ளி இடம் மாறும், உண்மைப் புள்ளி மாறாது. இது முன்பே தெரிந்திருந்தால் மதினி கல்யாணத்துக்குப் போயிருப்பார். நானும் சிரிப்புக்கு ஆளாகியிருக்க மாட்டேன். சொல்லலாமா என்று யோசித்தேன். யாரிடம் சொல்ல? டீச்சர் பாடம் நடத்துகிறாள் என்று அதற்கும் ஒரு குரல் செய்தி போடுவார். பேசாமல் இருந்தேன். மதினி அனுப்பிய படத்தையும் அதே நாளில் நான் எடுத்த படத்தையும் ஜோடி ஜோடியாகச் சேர்த்து வைக்கத் தொடங்கினேன். எதற்கென்று தெரியாது. ஒரு நாள் வரும் என்று மட்டும் தெரியும்.

மகள் ஓடியாடத் தொடங்கிய பிறகு, தீபாவளிக்கு முந்திய மழையில் அந்த நாள் வந்தது. இரண்டு நாளாகச் சிணுங்கிக்கொண்டிருந்தாள். சோற்றைத் துப்பினாள். மேல் கொஞ்சம் சுட்டது. கரண்டும் இல்லை. டோர்ச் அடித்துப் பார்த்தபோது பிடரியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. நுளம்பாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். முன்பென்றால் என் கண்ணை நம்பியிருப்பேன். ஆனால் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் பீலிக்கரைச் சிரிப்பு காதில் கேட்டது. அவள் குப்புறப் படுத்துத் தூங்கியதும் மா டின்னை எடுத்து வைத்து மூன்று படம் எடுத்தேன்.

சில்லைச் சுழற்றினேன். புள்ளிகள் குமுறின. பிடரியில் இரண்டு மட்டும் அசையவில்லை. அக்குளுக்குப் பக்கத்தில் ஒன்று அசையவில்லை. அதைப் பெரிதாக்கினேன். நுனியில் தண்ணீர் கோத்தது போல ஒரு சின்ன வெளுப்பு இருந்தது.

அன்றைக்கு மதினிக்கு லீவு. படி ஏறி உள்ளே வந்தவர் நேராகப் பிள்ளையைத் தூக்கப் போனார்.

"மதினி, பாப்பாவத் தூக்காதீங்க. அம்மா வந்திருக்கா."

"யாருக்கு? பாப்பாவுக்கா, கமராவுக்கா?"

நான் படங்களைக் காட்டப் போனேன். அவர் பார்க்கவில்லை. தன் போனை எடுத்து, பிள்ளையின் முதுகைப் படம் எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். பட்டுத் துணி மாதிரி ஒரு முதுகு. "இந்தா, சந்தனக் கட்ட மாதிரி இருக்கா. பிள்ளய வச்சுக்கிட்டுப் பேய் காட்டாத" என்றார். அப்படியே தம்பிக்கும் அனுப்பினார். சற்று நேரத்தில் என் கணவர் கத்தாரிலிருந்து என்னைக் கூப்பிட்டார். அக்கா படத்தில் ஒன்றும் இல்லையே, சளிக் காய்ச்சலாக இருக்கும், திரும்பவும் ஆரம்பிக்காதே என்றார். திரும்பவும் என்ற சொல்லை அழுத்திச் சொன்னார்.

மதினி மகளைத் தன் காம்பராவுக்குத் தூக்கிக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருட்டும்வரை மகள் அவர் மடியில்தான் இருந்தாள். தன் தட்டிலிருந்தே ஊட்டினார், கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சினார். அம்மை எப்படித் தொற்றும் என்று படித்தவள் நான். மதினிக்கு இதுவரை அம்மை போட்டதே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆத்தா என் பக்கம் வரவே மாட்டா என்று பெருமையாகச் சொல்வார். இரண்டாம் முறை சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் என்ன கேட்பார் என்று தெரியும். மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மகளின் உடம்பெல்லாம் முத்து முத்தாகப் போட்டிருந்தது. பசறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நர்ஸ் ஒருவர் தூரத்திலேயே பார்த்துவிட்டு வரிசையிலிருந்து எங்களைத் தள்ளி உட்கார வைத்தார். பூசுவதற்கும் காய்ச்சலுக்கும் மருந்து தந்தார்கள். அம்மாவை ரோட்டில் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு மதினி ஒரு பாட்டம் பேசினார். முந்திய நாள் எடுத்த மூன்று படங்களையும் என் கணவருக்கு அனுப்பினேன். பிடரியைப் பாருங்கள், மூன்றிலும் ஒரே இடம், என்றேன். இரவு பதில் சொன்னார். உன் கமராவில் எப்போதுமே புள்ளி இருக்கும்தானே, நேற்று இல்லாமல் இன்றைக்கு வந்திருக்கும், அக்கா படத்தில் தெளிவாக இருந்ததே. மதினியும் அதையே சொன்னார்: "நேத்து இருக்கல. நான் கண்ணால பாத்தேன்."

அவர் பார்த்தது தன் போனை. ஆனால் அதைச் சொல்ல ஒருவரும் இல்லை. என் பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது, நான் சொன்னது சரியாக வந்திருக்கிறது, அப்போதும் நான்தான் பொய். வேப்பிலைக் கொத்தால் மகளை வருடிக்கொண்டே உள்ளுக்குள் எரிந்தேன். அம்மா இருக்கிற வீட்டில் கோபப்படக் கூடாது, யாருக்கும் கெட்டது நினைக்கக் கூடாது என்பார்கள். நினைத்தேன். மகளுக்கு அதனால் ஏதும் வந்துவிடுமோ என்று பயந்தேன். பயந்துகொண்டே நினைத்தேன்.

மகளுக்குத் தண்ணீர் ஊற்றி, வீட்டைக் கழுவி, திரும்பவும் குழம்பு தாளிக்க ஆரம்பித்த சமயம் சுவருக்கு அந்தப் பக்கம் முனகல் கேட்டது. மதினிக்குக் காய்ச்சல். மறுநாள் நெற்றியில், கன்னத்தில், மார்பில் என்று கிளம்பிவிட்டது. பெரியவர்களுக்கு வந்தால் பிள்ளைகளைவிடக் கடுமையாக வரும்.

கடமையில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. கூழ், மோர், இளநீர் எல்லாம் நேரம் தவறாமல் கொண்டுபோய் வைத்தேன். வேப்பிலையையும் நான்தான் பஸ் ஏறிப்போய்க் கொண்டுவந்தேன். டொக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். அம்மாவை வீட்டைத் தாண்டிக் கொண்டுபோகிற பழக்கம் தனக்கில்லை என்றார்.

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் துணிக்கடையில் லீவு கிடையாது. ஒவ்வொரு வருடமும் அந்த நேரத்தில் யாராவது ஒரு பெண் இல்லாத காய்ச்சலைச் சொல்லி நின்றுவிடுவதால் முதலாளி எதையும் லேசில் நம்பமாட்டார். டொக்டர் எழுதிய மருந்துத் துண்டு இல்லையென்றால் ஒரு படமாவது அனுப்பும்மா என்றாராம். மதினி போனைத் தூக்கி முகத்தை எடுத்து அனுப்பினார். முதலாளியின் பதில் சுவரைத் தாண்டி எனக்கும் கேட்டது.

"முகம் பளிச்சுன்னு இருக்கேம்மா. நாளக் கழிச்சு வரலன்னா நான் வேற பிள்ளய எடுத்துருவேன்."

மதினி திரும்பத் திரும்ப எடுத்தார். பல்புக்குக் கீழே எடுத்தார், கன்னத்தைக் கிட்டே வைத்து எடுத்தார். போன் ஒவ்வொன்றையும் வழித்துத் துடைத்து, அவரைக் கல்யாணப் பெண் மாதிரி ஆக்கிக்கொடுத்தது. முகத்தை அழகாக்குகிற அந்த அமைப்பை எங்கே போய் அணைப்பது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் மகளுக்குத் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிதானமாக வாரினேன்.

கடைசியில் கூப்பிட்டார். "டீச்சர், அந்தக் கமராவக் கொஞ்சம் எடுத்துட்டு வா."

கமராவோடு போனேன். ஆனால் மூடியைத் திறக்கவில்லை.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?"

"எதுக்குன்னு சொல்லுங்க மதினி."

"அம்மா கேக்குறா. இல்லைங்கக் கூடாது."

அதுவும் முறைதான். அம்மை போட்டவர் எதைக் கேட்டாலும் கொடுக்க வேண்டும். கேட்பது அவர் இல்லை, அவருக்குள் வந்திருக்கிற அம்மா. எத்தனை வருடமாகக் கும்பிட்ட சாமி. ஆனால் அந்தக் குரலில் நான் சாமியைக் கேட்கவில்லை.

"அம்மா கேட்டா இப்பவே குடுப்பேன். நீங்க கேட்டா கொஞ்சம் யோசிக்கணும்."

மதினி எழுந்து உட்கார்ந்தார். "ஒனக்கு என்ன வேணும்?"

"உங்க தம்பிக்குப் போன் போட்டுத் தாரேன். அன்னிக்குப் பாப்பா கழுத்துல புள்ளி இருந்திச்சு, என் படம் சரி, உங்க படம் தப்புன்னு சொல்லுங்க."

"இருக்கலன்னு சொல்றேன்."

அந்த மூன்று படங்களையும் நான் அழிக்காமல் வைத்திருந்தேன். கமராவை அவர் கையில் கொடுத்து, சில்லை எந்தப் பக்கம் சுழற்றுவது என்று மட்டும் காட்டினேன். வேறெதுவும் சொல்லவில்லை. சுழற்றினார். திரும்பச் சுழற்றினார். குமுறுகிற புள்ளிகளுக்கு நடுவே பிடரியில் அந்த இரண்டும் அப்படியே நின்றன. அவர் விரல் அவற்றின் மேல் போய் நின்றது. தன் முழங்கையில் இருந்ததைப் பார்த்தார், கமராவில் இருந்ததைப் பார்த்தார்.

"அன்னிக்கு முழுக்க இவ என் மடியிலதான் இருந்தா."

"ஆமாங்க."

"ஒனக்குத் தெரிஞ்சிருக்கு."

"சொன்னேனே மதினி."

"ஒரு தடவதான் சொன்ன."

"டீச்சர் சொன்னத இந்த வீட்டுல யாரு ரெண்டு தடவ கேட்டிருக்கா?"

இப்படியொரு பதில் என் வாயிலிருந்து வரும் என்று நானே நினைத்திருக்கவில்லை. மதினி என்னை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வைக்குக் கீழே கண்ணைத் தாழ்த்துவதுதான் என் பழக்கம். தாழ்த்தவில்லை. அவர்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போன் போட்டு, சத்தத்தை வெளியே கேட்கும்படி வைத்தேன். மதினி வேண்டுமென்றே சுருக்கமாகச் சொன்னார். "தம்பி, அன்னிக்குப் பிள்ளைக்குப் புள்ளி இருந்திருக்கு. என் போன்ல விழல. இவ எடுத்ததுல இருக்கு." என் படம் சரி என்று சொல்லவில்லை, இருக்கு என்றார். அதோடு விடலாமா என்று யோசித்தேன். விடவில்லை. "என் படம் சரின்னு சொல்லுங்க மதினி" என்றேன். காய்ச்சலில் உதடு காய்ந்திருந்தது அவருக்கு. "சரி. இவ படந்தான் சரி" என்றார். லைன் வெட்டுப்பட்டதோ என்று பார்த்தேன். இருந்தது.

பிறகு கதவை முழுதாகத் திறந்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மதினியை வாசலுக்கு அருகில் உட்கார வைத்தேன். கமராவை மா டின்னில் வைத்தேன். அசையாதீங்க என்றேன், அசையவில்லை. வெளியே மூடுபனி வழியாக வந்த வெளிச்சம் கொஞ்சம்தான், ஆனால் ஒரே சீராக இருந்தது. இரைச்சலே இல்லாத படம் வந்தது. ஒவ்வொரு முத்தும் அதன் இடத்தில், அதன் நிழலோடு தெரிந்தது. நான் எடுத்த படங்களிலேயே ஆகச் சிறந்தது அதுதான். முதலாளி அதைப் பார்த்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளம்மா, வேலை எங்கேயும் போகாது என்று சொல்லியிருந்தார்.

மதினி பார்த்தார். "இவ்வளவு கெடக்கா மொகத்துல?" என்று கேட்டார். தழும்பு நின்றுவிடுமா என்று கேட்கிறார் என்பது புரிந்தது. சொறியாமல் இருந்தால் நிற்காது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் படம் இன்னும் கமராவில் இருக்கிறது. குடும்பக் குழுவுக்கு அனுப்பவில்லை. அனுப்புவதற்கு விரலைக் கொண்டுபோய், இது பாவமா, சாமிக் குத்தமா என்று யோசித்து, எடுத்துவிட்டேன். அழிக்கவும் இல்லை. அது அங்கே இருப்பது மதினிக்குத் தெரியும். குழுவில் இப்போதெல்லாம் கமராவைப் பற்றி எந்தப் பேச்சும் வருவதில்லை.

மதினிக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று பிற்பகல் என் கணவர் கூப்பிட்டார். வேலை, சம்பளம், அங்கே அடிக்கிற வெயில் என்று சுற்றி வளைத்துப் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாப்பாவ ஒரு படம் எடுத்து அனுப்பேன். நீ எடுத்தது. அவ எப்படி இருக்காளோ அப்படியே" என்றார்.

மகள் வாசற்படியில் உட்கார்ந்து கோப்பையில் மழைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் நல்ல வெளிச்சம். நெற்றியில் அம்மை விட்டுப்போன ஒரு சின்னக் குழிகூட இங்கிருந்தே தெரிந்தது. கமரா என் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது.

"இன்னிக்கு வெளிச்சம் போதாதுங்க" என்றேன். "நாளைக்குப் பாப்போம்."